பதினோராவது எலக்ட்ரான்

போட்டோமா, போடலையா? கேள்வித்தாளை எல்லாப் பெஞ்சுக்கும் கொடுத்து முடித்து, கையைத் தட்டிவிட்டு, ஜன்னலோரம் வந்து நின்ற பிறகுதான் அந்தக் கேள்வி வடிவு டீச்சருக்குள் எழுந்து உட்கார்ந்தது. அதுவரை எங்கே கிடந்ததோ, மகராசி. சோடியத்தைத் திருப்பிப் பாட்டிலுக்குள் போட்டோமா, போடலையா? காலையில் சிறப்பு வகுப்பு. பரீட்சைக்கு முன்னால் ஒரு தடவை புரட்டிவிடலாம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை லேப்பில் உட்கார வைத்து, இரண்டு, எட்டு, ஒன்று என்று போர்டில் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு பிள்ளை, "அந்த ஒண்ணு மட்டும் ஏன் டீச்சர் நிக்க மாட்டேங்குது?" என்று கேட்டது. கேட்டதும் இவளுக்கு உள்ளங்காலில் இருந்து ஒரு சந்தோஷம். வேலியோடு போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். அலமாரியைத் திறந்து, மண்ணெண்ணெய்க்குள் கிடந்த கட்டியை இடுக்கியால் தூக்கி, ஃபில்டர் பேப்பரில் ஒற்றி, வெள்ளை டைல் மேல் வைத்துக் கத்தியால் கீறினாள். வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது, உள்ளே வெள்ளிப் பளபளப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. அரிசி அளவுக்கு ஒரு துணுக்கை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் விட்டாள். உஸ்ஸென்று ஓடியது, சுற்றியது, மஞ்சளாக ஒரு பொறி, பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பிள்ளைகள் ஆவென்று கத்தினார்கள். சரி. மீதிக் கட்டி? புளியங்கொட்டை அளவு இருந்ததே, அது? அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கேள்வித்தாள் வாங்கிக்கொள்ள வரச்சொல்லி மைக்கில் ஹெட்மாஸ்டர் குரல். பிள்ளைகள் ஓடின. அவள் கட்டியைப் பேப்பரோடு சேர்த்துக் கையில் எடுத்தாள். எடுத்தது ஞாபகம் இருக்கிறது. பேப்பரை மடித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்து ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் நிற்கிறாள், கையில் கேள்வித்தாள் கட்டு. நடுவில் ஒன்றுமே இல்லை.

விரலை மெதுவாக மூக்கிடம் கொண்டுபோனாள், பிள்ளைகள் பார்க்காத மாதிரி, மூக்குத்தியைச் சரிசெய்கிற சாக்கில். மண்ணெண்ணெய் வாடை. அப்பாடா, பாட்டிலைத் திறந்திருக்கிறோம். அடி கூறுகெட்டவளே, திறந்தது முதலில் கட்டியை வெளியே எடுக்க. வாடை அந்தத் திறப்புக்கா, இந்தத் திறப்புக்கா? மூடியை இறுக்கித் திருகினோமே, உள்ளங்கையில் மூடியின் வரி வரியான விளிம்பு பதிந்ததே. அது இன்றைக்கா? போன வருஷமும் இதே பாட்டில், இதே மூடி, இதே கை. கை எல்லாத் திருகலையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறது. கண்ணை மூடினால் சிங்க் ஓரத்தில் ஒரு காகிதப் பொட்டலம் தெரிகிறது, டெஸ்ட் டியூப் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், எண்ணெய்க் கறை படிந்து, யாரோ வடையைத் தின்றுவிட்டுச் சுருட்டிப் போட்ட மாதிரி. தெரிகிறதா, தெரிகிற மாதிரி நாமே நினைத்துக்கொள்கிறோமா? எதிரே மைதானம். மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டுக் கட்டடம். அதில் வரிசையாக ஆபீஸ், ஸ்டாஃப் ரூம், நூலகம், கடைசியாக லேப். ஆபீஸ் வாசலில் பச்சைப் பிளாஸ்டிக் வாளி நின்றது. பேச்சித்தாய் அக்கா பெருக்க ஆரம்பித்துவிட்டாள். பேச்சித்தாய் எப்படிப் பெருக்குவாள் என்று இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். மேஜை மேல் கிடக்கிற கடுதாசிக் குப்பையை முதலில் கையால் தரைக்குத் தள்ளிவிடுவாள். பிறகு வாளிக்குள் கையை விட்டு, அள்ளி அள்ளித் தண்ணீர் தெளிப்பாள், தூசி எழும்பக்கூடாதாம், வீட்டு வாசலுக்குத் தெளிக்கிற மாதிரி தாராளமாக. அப்புறம் குனிவாள். நன்றாகக் குனிவாள், மூக்கு தரையில் முட்டுகிற மாதிரி. சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவள், ஒருநாள் கட்டோடு பற்றிக்கொண்டு இடது முழங்கை வரை வெந்துபோய், தீயே வேண்டாம் சாமி என்று துடைப்பத்தைக் கையில் எடுத்தவள். அந்தப் பொட்டலத்தில் தண்ணீர் பட்டால் வருவது தீ மட்டுமில்லை. உருகிய சோடியம் தெறிக்கும், அரிக்கிற காரம் தெறிக்கும், குனிந்த முகத்துக்கு நேரே தெறிக்கும். கண். கண்ணுக்கு மேலே அவள் யோசனை போகவில்லை, அங்கேயே நின்று நின்று திரும்பியது.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது காரியம். யக்கா, லேப்பை இன்னிக்குப் பெருக்க வேண்டாம். இவ்வளவுதான். ஆனால் யார் சொல்வது? முட்டை டீச்சரா? சங்கரவடிவு என்று அப்பா வாய் நிறையக் கூப்பிட வைத்த பேர், இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் முட்டை டீச்சர் ஆகிவிட்டது. போன மாதம் லேப்பில் நுழைந்ததும் அழுகிய முட்டை வாடை. வேறு யாராக இருந்தாலும் முட்டை அழுகியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். இவள் வேதியியல் படித்தவள் ஆயிற்றே, ஹைட்ரஜன் சல்பைடு வாயு கசிகிறது என்று நினைத்தாள். படிப்பு படுத்தும் பாடு. லேப்புக்கு வெளியே ஓடி, மணியை அடி அடியென்று அடித்து, எழுநூறு பிள்ளைகளையும் வெயிலில் நிறுத்தி, தீயணைப்பு வண்டி வரைக்கும் போய், கடைசியில் பின்பெஞ்சு டிராயருக்குள் இருந்து ஒரு டிபன் பாக்ஸ் வந்தது. எவனோ சத்துணவு முட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்து வைத்து மறந்திருக்கிறான். தீயணைப்புக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். ஹெட்மாஸ்டர் தனசிங் சார் சிரிக்கவில்லை. மறுநாள் கூப்பிட்டு உட்கார வைத்து, குரலை உயர்த்தாமல் சொன்னார். "வடிவு டீச்சர், உங்க பாடம் நல்லாருக்குன்னு பிள்ளைக சொல்லுது. நானும் கேட்டிருக்கேன். ஆனா மேனேஜ்மெண்டு கேக்கது வேற. நிரந்தரப் போஸ்டு ஒண்ணுதான் இருக்கு, அடுத்த மாசக் கமிட்டியில உங்க பேரைத்தான் சொல்லலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் இன்னொரு முட்டை வரக்கூடாது. அந்தச் சோடியம் கீடியம் எதையும் வெளிய எடுக்காதீங்க. படத்தைப் போட்டுக் காட்டுங்க, போதும்." கமிட்டி நாளை மறுநாள், சனிக்கிழமை. சோடியத்தை அவள் எடுத்தது இன்றைக்குக் காலையில். ஏழு வருஷம் தற்காலிகம் என்ற ஒற்றைச் சொல்லோடு கையெழுத்துப் போட்ட கை, இன்னும் ரெண்டு நாள் பொறுக்காமல் அலமாரியைத் திறந்திருக்கிறது. பாவி மட்டை.

அந்தோணி வந்தான், பியூன். கையில் கூடுதல் தாளும், விடைத்தாள் கட்டுகிற நூலும். அந்தோணியிடம் சொன்னது எதுவும் ஹெட்மாஸ்டர் காதுக்குப் போக அவன் நடக்கிற நேரம்தான் ஆகும். ஆனாலும் ஆள் வந்து நிற்கிறான், வாசலில், ரெண்டு கையெட்டில். சொல்லிவிடு. அக்காகிட்ட ஓடிப் போய், லேப்பில் கால் வைக்க வேண்டாம்னு சொல்லு அந்தோணி. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "என்ன டீச்சர், மொகம் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிடலியா?" என்றான். "அந்தோணி..." என்றாள். "சொல்லுங்க டீச்சர்." "பேச்சித்தாய் அக்கா எங்க நிக்காங்க?" "ஸ்டாஃப் ரூம்ல பெருக்கிக்கிட்டு இருக்கா. கூப்பிடணுமா?" கூப்பிடணுமா என்று அவனே கேட்கிறான், இதைவிட என்ன வேண்டும்? "இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்றாள். சும்மாதான். சும்மாவா யாராவது பெருக்குகிற அக்கா எங்கே என்று கேட்பார்கள்? அவன் நூலை மேஜை மேல் வைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டு அடுத்த ஹாலுக்குப் போனான். அவன் முதுகு மறைகிற வரைக்கும் கூப்பிட்டுவிடலாம் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றாள். மறைந்த பிறகு, இனி கூப்பிட முடியாதே என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே சீ என்றிருந்தது.

"டீச்சர், பதினேழாவது கேள்வி அச்சு அடிச்சதுல பாதி தெரியல." நடுப்பெஞ்சில் ஒரு பையன் எழுந்து நின்றான். தாளை வாங்கினாள். பதினேழு. தொண்டையைச் செருமிக்கொண்டு ஹாலுக்கே கேட்கிற மாதிரி வாசித்தாள். "இணைதிறன் எலக்ட்ரான்கள் என்றால் என்ன? சோடியம் அணு ஏன் தன் வெளிக்கூட்டு எலக்ட்ரானை எளிதில் இழக்கிறது?" இழக்கிறது என்கிற இடத்தில் குரல் பிசிறியது. நல்ல வேளை, பிள்ளைகளுக்கு அவரவர் பாடு. எல்லாத் தலையும் குனிந்தது. இந்தப் பாடத்தை அவள் டவுன் பஸ்ஸை வைத்துத்தான் நடத்துவாள். டிரைவருக்குப் பக்கத்தில் ரெண்டு பேர் உட்காரும் சீட்டு, அது முதல் கூடு, ரெண்டே ரெண்டு எலக்ட்ரானுக்குத்தான் இடம். அடுத்த கூட்டில் எட்டுப் பேர். அதுவும் நிறைந்துவிட்டதா, சோடியத்துக்கு மொத்தம் பதினொரு ஆள், பத்துப் பேர் உட்கார்ந்தாயிற்று, பதினோராவது ஆள் எங்கே போவான்? படிக்கட்டில் தொங்குகிறான். உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு இறங்கணும் என்ற எண்ணமே இல்லை. தொங்குகிறவன் ஒரு குலுக்கலில் கீழே. அவன்தான் இணைதிறன் எலக்ட்ரான், பிள்ளைகளா, ஒரு அணு யாரோடு சேரும், யாரோடு சண்டை போடும், எல்லாம் வெளியே நிற்கிற ஆளை வைத்துத்தான். குளோரினுக்கு வெளிக்கூட்டில் ஏழு பேர், ஒரு இடம் காலி, வா வா என்று இழுத்துக்கொள்ளும். நியானுக்கு எட்டும் நிறைந்தது, ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை, யாரோடும் பேச்சில்லை. தனசிங் சார் நியான். தூங்கப்போகும்போது கதவைப் பூட்டினோமா என்று அவர் ஒருநாளாவது எழுந்து பார்த்திருப்பாரா? வடிவுக்கு எல்லாம் தெரியும், பாலைக் காய்ச்சியது தெரியும், மகளுக்குச் சடை பின்னியது தெரியும், பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தோம், இன்றைக்கு எந்தப் பிள்ளை எந்தக் கேள்விக்கு முழிக்கும் எல்லாம் தெரியும், உள்ளே எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. வெளியே ஒன்று மட்டும் தொங்குகிறது. ஆளையே அதுதான் ஆட்டுகிறது.

அவள் வீட்டுக்காரர் சிதம்பரநாதன் இதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார். கேஸ் அம்மன். எங்கே கிளம்பினாலும் தெருமுனை வரை போய், சிலிண்டரை மூடினோமா என்று திரும்பி வருவாள். மூடித்தான் இருக்கும். திருப்பதிக்குப் போகிறபோது கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கிறது, இவள் அயர்ன் பாக்ஸ் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். ரயில் போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் அயர்ன் பாக்ஸ் ஒயர் சுற்றி, அலமாரிக்குள், பச்சைப்பிள்ளை மாதிரி தூங்குகிறது. அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருக்கலாம். "ஒரு நாளாவது உன் சந்தேகம் நெசமாகட்டும் வடிவு, நான் உனக்குப் பட்டுச்சேலை எடுத்துத் தாரேன்" என்றார். அன்றைக்குச் சிரித்தாள். இன்றைக்கு அது காதில் விழும்போது சிரிப்பு இல்லை. நிஜமாகட்டும் என்றால், இதுவா? வேண்டாம் சாமி, பட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நூறு தடவை இருண்டிருக்கிறது, நூறு தடவையும் பேய் இல்லை. இதுவும் இல்லை. கணக்குப்படி இல்லை. சந்தேகம் வந்தால் அது பொய் என்பதுதான் இத்தனை வருஷ அனுபவம். அப்படியானால் சந்தேகமே வராத இடத்தில்தானே நிஜமாக மறந்திருப்போம், சந்தேகம் வந்ததே நல்ல சகுனம் இல்லையா? அப்படிச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. புலி வருது புலி வருது என்று கத்தினவன் கதையில் கடைசியில் புலி வந்தது என்று உடனே ஞாபகம் வந்து தொலைத்தது.

இந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்களே! ஏன் இதுவரை தோன்றவில்லை? காலையில் லேப்பில் உட்கார்ந்திருந்தது இதே கூட்டம்தானே. முன்பெஞ்சில் தங்கபுஷ்பம். இந்தப் பிள்ளைதான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. பரீட்சை ஹாலில் பேசக்கூடாது, அதுவும் சூப்பர்வைசரே பிள்ளையிடம் குனிந்து பேசினால் விடை சொல்லிக்கொடுக்கிறாள் என்று ஆகிவிடும். ஆகட்டும். கூடுதல் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, கொடுக்கப் போகிற மாதிரி போய்க் குனிந்தாள். "தங்கபுஷ்பம், காலைல நான் அந்தக் கட்டியை என்ன செஞ்சேன், பாத்தியா?" பிள்ளை மிரண்டு அண்ணாந்து பார்த்தது. பிறகு அதற்கு ஏதோ புரிந்துவிட்டது, முகம் மலர்ந்தது. "தண்ணியில போட்டீங்க டீச்சர். ஹைட்ரஜன் வாயுவும் சோடியம் ஹைட்ராக்சைடும் வந்துச்சு." "அது இல்லம்மா, மிச்சத்தை. மிச்சக் கட்டியை." "மிச்சம்..." பிள்ளை பேனாவைக் கடித்தது. "மிச்சம் கேள்வியில இல்லியே டீச்சர்." பின்னாலிருந்து ஒருவன் தலையை நீட்டினான், டீச்சர் என்னவோ சொல்லிக் கொடுக்கிறார் என்று ஹால் முழுக்க ஒரு அசைவு ஓடியது. "எழுது, எழுது" என்று நிமிர்ந்தாள். தங்கபுஷ்பம் குனிந்து, இப்போது சொன்ன விடையை மளமளவென்று எழுதத் தொடங்கியது. அட கடவுளே.

ஜன்னலுக்குத் திரும்பினபோது வாளி நூலக வாசலில் இருந்தது. நூலகம் பெரியது, நேரமாகும், அதற்குள் யாராவது வருவார்கள், டீ குடிக்கப் போகச் சொல்லி மாற்று ஆள் வரும். டீ குடிக்க விட்டால் நேரே லேப்புக்குப் போய், யாருக்கும் தெரியாமல், பொட்டலத்தை எடுத்துப் பாட்டிலில் போட்டு, மூடி, முகத்தைக் கழுவிவிட்டு வந்துவிடலாம். சனிக்கிழமை கமிட்டி. திங்கட்கிழமை சிதம்பரநாதனிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். வாளி நகர்ந்தது. என்ன இது, நூலகத்தை அதற்குள் முடித்துவிட்டாளா? பூட்டிக் கிடக்கிறதோ? ஆமாம், லைப்ரேரியன் லீவு. பேச்சித்தாய் ஒரு கையில் வாளியும், கக்கத்தில் துடைப்பமுமாக லேப் வாசலுக்கு வந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். நடந்தால் போதும், இந்த வாசலில் இருந்து காலெடுத்து வைத்தால் போதும். வைத்தால் ஹாலைப் போட்டுவிட்டுப் போனவள். பரீட்சை ஹாலைப் போட்டுவிட்டுப் போவதற்கு மன்னிப்பே கிடையாது, பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், மறு பரீட்சை வைக்க வேண்டிவரும். போய்ப் பார்த்து அங்கே பொட்டலம் இல்லை என்றால்? இல்லை என்றுதான் இருக்கும். அப்போது சோடியத்தை எடுத்ததும் வெளியே வரும், ஹாலை விட்டதும் வெளியே வரும், முட்டையும் வரும். இருந்தால்? இருந்தால் ஒரு கண். ஒரு பக்கம் என் வேலை, ஒரு பக்கம் அவள் கண், நடுவில் இருக்குமோ இருக்காதோ. சே, என்ன பேரம் இது, சந்தையிலா நிற்கிறாய்? கதவு திறந்தது. உள்ளே இருட்டில் பேச்சித்தாயின் வெளிர்நீலச் சேலை இப்படியும் அப்படியும் போனது. மேஜை மேஜையாகப் போகிறாள். கையால் தள்ளுகிறாள். கடுதாசிகளைத் தள்ளுகிறாள். பிறகு வாசல் பக்கம் வந்தாள், வெளிச்சத்துக்கு, வாளியருகில் குனிந்தாள், வலது கை வாளிக்குள் இறங்கியது.

"யக்கா!"

அது யார் குரல் என்று வடிவுக்கே தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை கத்தினாள். "யக்கா, தெளிக்காதிய!" பேச்சித்தாய் நிமிர்ந்து, எங்கிருந்து சத்தம் வருகிறது என்று தெரியாமல் ஆகாயத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்தாள். அவ்வளவுதான், வடிவு வாசலைத் தாண்டிவிட்டாள். சேலைக் கொசுவத்தை ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு, மைதானத்தின் நடுவே, செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுபோக, வெயிலில் ஓடினாள். "தண்ணி தெளிக்காதிய, தண்ணி தெளிக்காதிய." நாலு பக்கமும் ஜன்னலில் தலைகள். ஏதோ ஒரு ஹாலில் இருந்து ஒரு பையன் "முட்டை!" என்று கத்தினான், சிரிப்பு ஒன்று கட்டடம் கட்டடமாகப் பற்றிக்கொண்டு போனது. அது அவள் காதில் விழுந்தது, நன்றாக விழுந்தது, ஆனால் விழுந்ததைப் பற்றி நினைக்க உள்ளே இடம் இல்லை. முதல் தடவையாக உள்ளே ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அந்தக் கை.

கையைப் பிடித்துவிட்டாள். ஈரக்கை, குளிர்ந்திருந்தது, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாளிக்குள்ளேயே விழுந்தது. "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று அவளை இழுத்து வராந்தாவில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். சிங்க் ஓரம். ஒன்றும் இல்லை. தரையில் பேச்சித்தாய் தள்ளிவிட்ட கடுதாசிக் குவியல். முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். போர்டு துடைத்த கடுதாசி, பிஸ்கட் உறை, யாரோ வரைந்த குளோரின் அணு, அதற்குக் கீழே அது. ஃபில்டர் பேப்பர், மடித்தபடி, எண்ணெய்க் கறையோடு. பிரித்தாள். காலி. எழுந்து அலமாரியைத் திறந்தாள். பாட்டில், பாட்டிலுக்குள் மண்ணெண்ணெய், அதற்கு அடியில் புளியங்கொட்டை அளவுக் கட்டி, ஒரு பக்கம் கீறின தழும்போடு சமர்த்தாகக் கிடந்தது. மூடி இறுகத் திருகியிருந்தது. ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறாள், அடி பாதகத்தி, எப்போதும் போல எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாள். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பியபோது வாசலில் தனசிங் சார் நின்றார். அவருக்குப் பின்னால் அந்தோணி.

"அந்தோணி, நீ போய் அந்த ஹால்ல நில்லு" என்றார் சார். அவன் போகிற வரைக்கும் காத்திருந்தார். பாட்டிலைப் பார்த்தார். அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "காலைல எடுத்தீங்களா?" "ஆமா சார்." "திருப்பி வச்சாச்சா?" "வச்சிருக்கேன் சார்." "அப்ப எதுக்கும்மா ஓடி வந்தீங்க?" "வச்சேனா இல்லையான்னு தெரியல சார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "நீங்க பாட்டுக்கு அங்கனயே நின்னிருந்தா ஒண்ணுமே இல்ல. யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. சனிக்கிழமை நான் உங்க பேரைச் சொல்லியிருப்பேன்." அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. "இனி எப்படிம்மா சொல்லுவேன்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மைதானத்தில் இறங்கி நடந்தார்.

பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். பேச்சித்தாய் வராந்தாவில் நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தாள், கையைக்கூடத் துடைக்கவில்லை.

"டீச்சர், அதுல என்ன இருந்துச்சு?"

"தண்ணி பட்டா வெடிக்கும்க்கா. கடுதாசிக்குள்ள சுத்தி வெளிய வச்சுட்டேனோன்னு நினைச்சேன். நீங்க தெளிச்சா உங்க கண்ணுல தெறிச்சிரும்னு."

பேச்சித்தாய் குனிந்து, டீச்சரின் செருப்பில்லாத ஒற்றைக் காலைப் பார்த்தாள். "அதுக்கா செருப்புகூட இல்லாம அந்த ஓட்டம் ஓடி வந்திய? எனக்காவா?"

ஆமா என்று சொல்லிவிடலாம். ஊரே பார்த்தது, சொன்னால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. வேலை போனதற்கு அந்த ஒரு சொல்லாவது மிஞ்சும். வாயெடுத்தாள். விசிலடித்துக்கொண்டு போன அந்தோணியின் முதுகு நினைவில் குறுக்கே வந்தது.

"இல்லக்கா. நீங்க ஆபீஸைப் பெருக்கும்போதே எனக்கு சந்தேகம் வந்துருச்சு. அங்கனயே நின்னு உங்களைப் பாத்துக்கிட்டே இருந்தேன். வேலை போயிரும்னு சொல்லல. நீங்க வாளியில கையை விட்ட பெறகுதான் வந்தேன்."

சொல்லி முடித்ததும் அடக்க முடியாமல் அழுகை வந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பேச்சித்தாய் அவள் சொன்னதை மனசுக்குள் ஒரு தடவை புரட்டிப் பார்க்கிற மாதிரி தலையை ஆட்டினாள். கோபம் வருமோ என்று வடிவு காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க இடத்துல நான் நின்னிருந்தா வந்திருப்பேனாங்கதே சந்தேகம்தான் டீச்சர்" என்றாள் பேச்சித்தாய். "இந்த வேலைய விட்டா எனக்கு வேற ஏது?"

டீச்சர் அழுது முடிக்கட்டும் என்று, வாளியைத் தூக்காமல், பக்கத்திலேயே நின்றாள்.